குழந்தையின் உயரமும் சோற்றுக் கிண்ணமும்: புதிய பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

குழந்தை இளைத்தால் வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும். எதிர்வீட்டுப் பாட்டிகூட "என்னடி, பிள்ளை இப்படி வத்திப்போயிருக்கு?" என்று கேட்டுவிடுவார். உயரம் குறைந்தால் அப்படி யாரும் கேட்பதில்லை. கன்னம் உப்பலாகத்தான் இருக்கும். பிள்ளை ஓடும், ஆடும், சிரிக்கும். இரண்டு வயதுப் பிள்ளை ஒன்றரை வயதுப் பிள்ளையின் அளவில்தான் இருக்கிறது என்பது, அதே வயதுள்ள இன்னொரு பிள்ளை பக்கத்தில் வந்து நிற்கும்வரை தெரியாது. தெரிந்தாலும் "அவங்க அப்பாவும் குட்டைதானே" என்று பேச்சு முடிந்துவிடும்.

2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதம் பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. தமிழ்நாட்டில் 25 சதவீதம், அதாவது நான்கில் ஒரு பிள்ளை. பரம்பரை மட்டுமே காரணம் என்றால் இந்த எண் இவ்வளவு பெரிதாக இருக்க வழியில்லை. உலக சுகாதார நிறுவனம் பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் தாய்ப்பால் குடித்து, நல்ல உணவும் சுகாதாரமும் கிடைத்து வளர்ந்த குழந்தைகளை அளந்து பார்த்தது. இந்தியாவில் அளந்தது தென் டெல்லியில். ஆறு நாட்டுக் குழந்தைகளும் ஏறத்தாழ ஒரே உயரத்தில்தான் வளர்ந்திருந்தார்கள். 2006இல் வெளியான வளர்ச்சி அட்டவணைக்கு அடிப்படையே அந்த அளவுகள்தான்.

இதே குடும்பநலக் கணக்கெடுப்பில் இன்னொரு எண்ணும் உண்டு. ஆறு மாதம் முதல் இரண்டு வயதுக்குள் இருக்கும் இந்தியக் குழந்தைகளில், போதிய வேளையும் போதிய வகையும் உள்ள உணவு கிடைப்பது 11.3 சதவீதம் பேருக்குத்தான். உயரம் தவறிப்போவதும் பெரும்பாலும் இந்த வயதில்தான். பிறக்கும்போது சுமார் 50 செ.மீ. இருக்கும் குழந்தை முதல் வருடத்தில் 25 செ.மீ., இரண்டாவது வருடத்தில் 12 செ.மீ. வளர வேண்டும். இதற்குப் பிறகு வாழ்நாளில் எப்போதும் இவ்வளவு வேகமாக வளரப்போவதில்லை. இங்கே விட்டதைப் பிறகு முழுசாகப் பிடிப்பது கடினம்.

சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லாத வீடுகளிலும் இது நடக்கிறது என்பதால்தான் இதை எழுதுகிறேன். அரிசி, பருப்பு, முட்டை எல்லாம் வீட்டில் இருக்கும். குழந்தைக்கு அது எப்போது தொடங்கியது, எவ்வளவு நீர்த்துப்போய்ச் சேர்ந்தது, எத்தனை தடவை சேர்ந்தது, காய்ச்சல் நாட்களில் என்ன ஆனது என்பதில்தான் கோளாறு இருக்கும். முதல் குழந்தை பெற்றவர்கள், பேரப்பிள்ளைக்கு ஊட்டும் பாட்டிகள், அங்கன்வாடியில் புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லோரும் இந்த வரிசையில் போய்ப் பார்க்கலாம்.

முதல் படி: நீளத்தை அளந்து எழுதுங்கள்

எடை மட்டும் போதாது. தாய் சேய் நல அட்டையில் எடைக் கோடு பச்சைப் பகுதியில் இருந்தாலும் உயரம் பின்தங்கியிருக்கலாம். குட்டையான குழந்தை தன் உயரத்துக்கேற்ற எடையோடு கொழுகொழுவென்றுதான் தெரியும்.

இரண்டு வயதுவரை படுக்க வைத்துத்தான் அளக்க வேண்டும். அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இதற்கான பலகை இருக்கிறது. ஒரு ஆள் போதாது, இரண்டு பேர் வேண்டும். காலணி, தொப்பி, தடிமனான கொண்டை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள். அம்மா தலைமாட்டில் நின்று இரண்டு காதையும் சேர்த்துத் தலையைப் பிடித்து, உச்சி பலகையின் மேல்முனையைத் தொடும்படி வைத்திருக்க வேண்டும். குழந்தையின் பார்வை நேராக மேலே இருக்கட்டும். இன்னொருவர் முட்டியை மெதுவாக அழுத்தி இரண்டு காலையும் நீட்டிவிட்டு, நகரும் பலகையை உள்ளங்காலில் ஒட்ட வைத்துப் படிக்க வேண்டும். குழந்தை காலை உதைத்துக்கொண்டே இருக்கும். ஒரு கணம் ஓயும், அப்போது படித்துவிடுங்கள். இரண்டு தடவை அளந்து, அரை சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது தடவையும் அளந்துகொள்ளுங்கள். துணி டேப்பை முதுகோரமாகப் பிடித்து அளந்த அளவை நம்ப வேண்டாம். இரண்டு வயதுக்கு மேல் சுவரோரம் நிற்க வைத்து அளக்கலாம். படுத்த நீளத்தைவிட நின்ற உயரம் சுமார் 0.7 செ.மீ. குறைவாக வரும், பயப்பட வேண்டியதில்லை.

படுத்த நீளம் இந்த அளவுக்குக் கீழே போனால் வளர்ச்சி குன்றியிருக்கிறது என்று பொருள். ஆண் குழந்தை: 6 மாதத்தில் 63.3 செ.மீ., ஒரு வயதில் 71.0, ஒன்றரை வயதில் 76.9, இரண்டு வயதில் 81.7. பெண் குழந்தை: 6 மாதத்தில் 61.2 செ.மீ., ஒரு வயதில் 68.9, ஒன்றரை வயதில் 74.9, இரண்டு வயதில் 80.0. இவை கீழ்க்கோடுகள். நடுத்தர அளவு இவற்றைவிட மேலே இருக்கிறது: ஒரு வயதில் ஆண் 75.7, பெண் 74.0, இரண்டு வயதில் ஆண் 87.8, பெண் 86.4.

ஒரு தடவை எடுத்த அளவைவிட இரண்டு அளவுகளுக்கு நடுவே உள்ள வளர்ச்சிதான் அதிகம் சொல்லும். இரண்டாவது வயதில் மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்தில் மூன்று வர வேண்டிய இடத்தில் ஒன்று மட்டும் வந்திருந்தால், குழந்தை கீழ்க்கோட்டுக்கு மேலே இருந்தாலும் சரி, அடுத்த படிகளை உடனே தொடங்க வேண்டியதுதான். வாராவாரம் அளந்து கவலைப்படுவதில் பயனில்லை. அளவில் வரும் பிழையே அரை சென்டிமீட்டர் இருக்கும்.

இரண்டாவது படி: ஆறு மாதம் முடிந்ததும் தொடங்குங்கள்

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர், உரைமருந்து எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயதுவரை கூடவே கூடாது. 180 நாள் முடிந்ததும் தாய்ப்பாலோடு சேர்த்துச் சோறு தொடங்க வேண்டும்.

நம் ஊர்களில் இந்த இடத்தில்தான் தள்ளிப்போடுவது நடக்கிறது. குலதெய்வக் கோவிலில் முதல் சோறு ஊட்ட நாள் கிடைக்கவில்லை, பல் முளைக்கட்டும், ஊரிலிருந்து மாமா வரட்டும் என்று ஏழு, எட்டு, ஒன்பது மாதம்கூட ஆகிவிடும். கோவிலுக்கு எப்போது வேண்டுமானாலும் போகலாம். வீட்டில் சோறு அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பிறக்கும்போது உடம்பில் சேர்த்துவைத்த இரும்புச்சத்து ஆறு மாதத்தில் தீரத் தொடங்கும். தாய்ப்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. அதன் பிறகு உணவிலிருந்துதான் வர வேண்டும். நாடு முழுக்க ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் தாய்ப்பாலோடு திடமான அல்லது அரைத்திடமான உணவும் பெறுபவர்கள் 45.9 சதவீதம்தான். பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் இந்த ஓட்டத்தைப் பின்தங்கியே தொடங்குகிறார்கள்.

தாய்ப்பாலை நிறுத்திவிட்டுச் சோறு என்பதும் தவறு. இரண்டு வயதுவரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம்.

மூன்றாவது படி: கெட்டியாக்குங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்று யாராவது சொன்னால், இதைத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்வேன்.

குழந்தையின் வயிறு சின்னது. எடையில் கிலோவுக்குச் சுமார் 30 கிராம் கணக்கில் கொள்ளும். ஏழு கிலோ உள்ள ஏழு மாதக் குழந்தைக்கு ஒரு வேளையில் 200 மில்லிக்கு மேல் இடமில்லை. அந்த இடத்தை எதால் நிரப்புகிறோம் என்பதுதான் கேள்வி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 கிராம் அரிசியை, அதாவது ஒரு கைப்பிடிக்கும் குறைவாக எடுத்து, 200 மில்லி கஞ்சியாகக் காய்ச்சுகிறோம். குழந்தை முழுதும் குடித்துவிடுகிறது, வயிறு நிறைந்துவிடுகிறது, அம்மாவுக்கும் திருப்தி. உள்ளே போனது சுமார் 70 கலோரி. அதே 20 கிராம் அரிசியோடு 10 கிராம் பாசிப்பருப்பு சேர்த்துக் குழைய வேகவைத்து, மசித்து, ஒரு தேக்கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ விட்டால் அது 150 மில்லிக்குள் அடங்கும். உள்ளே போவது சுமார் 150 கலோரி. கூடவே பருப்பின் புரதம். வயிற்றில் பிடித்த இடமோ குறைவு. ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் போக நாளுக்கு 200 கலோரி உணவிலிருந்து தேவை. கஞ்சியில் அதை எட்ட மூன்று கிண்ணம் வேண்டும். பருப்புச் சோற்றில் ஒன்றரைக் கிண்ணத்துக்குள் முடிந்துவிடும்.

வடிகஞ்சி, பருப்பு வேகவைத்த மேல்தண்ணீர், காய்கறி சூப்பு, ஜூஸ் இவை எல்லாம் "சத்து இறங்கியிருக்கும்" என்ற நம்பிக்கையில் கொடுக்கப்படுகின்றன. சத்து அடியில் தங்கிவிடும் பருப்பிலும் காயிலும் இருக்கிறது. அதை மசித்துக் கொடுங்கள்.

சரியான பதம் தெரிந்துகொள்ள ஒரு சின்ன சோதனை. கரண்டியில் ஒரு வாய் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். சட்டென்று வழிந்தால் நீர்த்திருக்கிறது. கரண்டியிலேயே நின்று, மெதுவாகச் சரிந்து விழுந்தால் பதம் சரி. சங்கிலும் பாலாடையிலும் ஊற்ற முடிகிறது என்றால், அது உணவல்ல, பானம். பாட்டிலில் பெரிய ஓட்டை போட்டுக் கேழ்வரகுக் கூழை ஊற்றுவதும் இதே வகைதான்; அதில் கிருமி சேரும் ஆபத்தும் உண்டு.

எட்டாம் மாதத்தில் மிக்ஸியை ஓரமாக வைத்துவிடுங்கள். கையால் மசித்த சோறு, சின்னக் கட்டிகளோடு. ஒன்பது மாதத்தில் வேகவைத்த கேரட் துண்டு, இட்லித் துண்டு, வாழைப்பழத் துண்டு ஆகியவற்றைக் கையில் கொடுங்கள். பத்து மாதம் தாண்டியும் கூழாகவே அரைத்துக் கொடுத்தால், பிறகு கட்டியைக் கண்டாலே துப்பும் பழக்கம் வந்துவிடும். ஒரு வயதில் வீட்டில் எல்லோரும் சாப்பிடுவதைக் காரமும் உப்பும் குறைத்துச் சாப்பிடலாம். முழு நிலக்கடலை, முழு திராட்சை, பொட்டுக்கடலை போன்றவை தொண்டையில் அடைக்கும். பொடித்தோ நசுக்கியோதான் கொடுக்க வேண்டும்.

நான்காவது படி: ஒரு முழு நாளை எழுதிப் பாருங்கள்

"என் பிள்ளை நாள் முழுக்க எதையாவது சாப்பிட்டுக்கிட்டேதான் இருக்கு, ஆனா உடம்புல ஒட்டவே மாட்டேங்குது" என்று பல அம்மாக்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வது உண்மை. ஒரு காகிதத்தில் அந்த நாளை எழுதினால் காரணமும் தெரிந்துவிடும். ஒன்றேகால் வயதுப் பிள்ளையின் நாள் பல வீடுகளில் ஏறக்குறைய இப்படித்தான் ஓடுகிறது:

காலை ஆறரைக்கு எழுந்ததும் பாட்டிலில் ஒரு டம்ளர் பால். எட்டு மணிக்கு அப்பா டீ குடிக்கும்போது மடியில் உட்கார்ந்து, டீயில் நனைத்த பிஸ்கட் இரண்டு. ஒன்பதரைக்கு இட்லி, அரை இட்லியோடு வாயை மூடிக்கொள்கிறது. பதினொரு மணிக்கு அழுகை, பெட்டிக்கடையில் ஐந்து ரூபாய்ப் பாக்கெட். ஒரு மணிக்கு ரசம் சோறு, நாலு வாய். தூங்கி எழுந்ததும் மறுபடி ஒரு டம்ளர் பால், ஒரு ரஸ்க். ஆறு மணிக்குப் பாதி வாழைப்பழம். எட்டரை மணிக்குத் தோசையும் சர்க்கரையும், தூங்கி வழிந்துகொண்டே. படுக்கையில் இன்னொரு பாட்டில் பால்.

எண்ணினால் ஒன்பது தடவை வாய்க்குள் ஏதோ போயிருக்கிறது. உண்மையான சாப்பாடு என்று சொல்லத்தக்கது மூன்று, அந்த மூன்றும் அரைகுறை. அரிசி, கோதுமை, பால், கொஞ்சம் வாழைப்பழம். இட்லி, தோசை மாவில் இருக்கும் கொஞ்சம் உளுந்தைத் தவிரப் பருப்பு இல்லை, ரசத்தில் இருப்பது மேல்தண்ணீர்தான். முட்டை, கீரை, மீன், கறி எதுவும் இல்லை. பாலும் பிஸ்கட்டும் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் முன்னால் வந்து பசியை எடுத்துக்கொண்டு போய்விட்டன. பாலில் இரும்புச்சத்து மிகக் கொஞ்சம்; அளவுக்கு மீறினால் மற்ற உணவின் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதையும் தடுக்கும். டீயும் அதையேதான் செய்யும். தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் 57.4 சதவீதக் குழந்தைகளுக்கு ரத்தசோகை இருப்பதில் இந்தப் பழக்கத்துக்கும் பங்குண்டு.

இதே நாளைச் செலவில்லாமல் மாற்றி அடுக்கலாம். எழுந்ததும் தாய்ப்பால். எட்டு மணிக்கு இட்லி, கெட்டியான பருப்பு சாம்பாரில் மசித்து, எண்ணெய் ஒரு தேக்கரண்டி. பத்தரைக்கு வாழைப்பழமோ பப்பாளியோ. பன்னிரண்டரைக்குப் பருப்புச் சோறும் முருங்கைக்கீரையும் நெய்யும். தூங்கி எழுந்ததும் அரை டம்ளர் பால், டம்ளரில். கூடவே அவித்த முட்டையோ சத்துமாவு உருண்டையோ. ஏழு மணிக்குள் ராத்திரிச் சாப்பாடு, தூக்கம் வருவதற்கு முன்னால். தூங்கும்போது தாய்ப்பால். பாக்கெட்டும் டீயும் பட்டியலை விட்டே போய்விட்டன. தாய்ப்பால் நின்றுபோன பிள்ளைக்குப் பால் தேவைதான், ஆனால் ஒரு வயதுக்கு மேல் நாளுக்கு அரை லிட்டரைத் தாண்ட வேண்டாம், அதையும் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள்.

எத்தனை வேளை, எவ்வளவு என்பதற்குப் பொதுவான கணக்கு இது. ஆறு முதல் எட்டு மாதம்வரை நாளுக்கு இரண்டு மூன்று வேளை. இரண்டு மூன்று கரண்டியில் தொடங்கி 250 மில்லி கிண்ணத்தில் பாதிவரை. ஒன்பது முதல் பதினொரு மாதம்வரை மூன்று நான்கு வேளை, அரைக் கிண்ணம். ஒரு வயது முதல் இரண்டு வயதுவரை மூன்று நான்கு வேளை, முக்காலிலிருந்து முழுக் கிண்ணம். நடுவே ஒன்றிரண்டு தடவை பழம், முட்டை, சுண்டல் மசியல் மாதிரி ஏதாவது. இந்த வயதில் தாய்ப்பால் போக உணவிலிருந்து 550 கலோரி வேண்டும். தாய்ப்பால் இல்லாத குழந்தைக்கு ஒரு வேளை கூடுதல்.

வேலைக்குப் போகும் அம்மாக்கள் காலையில் கிளம்பும் முன் ஒரு வேளை, திரும்பியதும் ஒரு வேளை தாங்களே ஊட்டிவிட்டு, நடுவில் உள்ள இரண்டு வேளைக்கும் கிண்ணத்தைக் காட்டி "இந்த அளவு, இந்த நேரம்" என்று பாட்டியிடமோ அக்காவிடமோ ஒப்படைத்துவிட்டால் நடக்கும். "பசிச்சா கொடுங்க அத்தை" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் பிஸ்கட்தான் போகும். பாட்டிக்கும் அதுதான் சுலபம்.

ஐந்தாவது படி: தட்டில் ஐந்து வகை

உணவை எட்டு வகையாகப் பிரிக்கிறார்கள்: தாய்ப்பால்; அரிசி, சிறுதானியம், கிழங்கு; பருப்பு, பயறு, கடலை; பால், தயிர்; மீன், கறி, ஈரல்; முட்டை; கீரை மற்றும் மஞ்சள், ஆரஞ்சு நிறக் காய்கனிகள்; மற்ற காய்கனிகள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒரு நாளில் இவற்றில் ஐந்து வகையாவது சேர வேண்டும். தாய்ப்பால், சோறு, பருப்பு, முருங்கைக்கீரை, தயிர் என்று எண்ணினாலே ஐந்து வந்துவிடுகிறது.

முட்டையை ஆறு மாதம் முடிந்ததும் நன்றாக வேகவைத்துக் கொடுக்கலாம், மஞ்சள் வெள்ளை இரண்டும். சூடு, பேச்சு வராது என்றெல்லாம் சொல்வதில் உண்மையில்லை. ஈக்வடாரில் ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குத் தினம் ஒரு முட்டை ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். 2017இல் வந்த அந்த ஆய்வில் உயரம் நன்றாகக் கூடியிருந்தது. அதேபோல மலாவியில் செய்தபோது வித்தியாசம் தெரியவில்லை. அங்கே குழந்தைகள் ஏற்கெனவே மீன் நிறையச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முட்டையில் மந்திரம் ஒன்றும் இல்லை, ஆனால் கறி, மீன் எதுவும் சேராத குழந்தைக்கு அது பெரிய வரவு என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

கடலோர ஊர்களில் நெத்திலியும் மத்தியும் மலிவு. முள் எடுத்து, சோற்றில் பிசைந்து கொடுங்கள். கறி எடுக்கும் நாளில் கோழி ஈரலில் ஒரு சின்னத் துண்டைக் குழந்தைக்கு என்று எடுத்து வையுங்கள். அதில் இரும்புச்சத்து நிறைய இருக்கிறது. சைவ வீடுகளில் பருப்பின் அளவைக் கூட்டுவது, வறுத்த நிலக்கடலைப் பொடி, எள்ளுப் பொடி, தயிர், கேழ்வரகு இவற்றைத் தினம் மாற்றி மாற்றிச் சேர்ப்பது. பருப்பு, கீரையோடு எலுமிச்சை ஒரு சொட்டோ நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்ந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும்.

அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவு நல்ல பொருள். வீட்டுக்கு வந்தவுடன் அது எல்லோருக்குமாகப் பங்கு போய்விடுவதுதான் பிரச்சினை. குழந்தையின் பெயரில் தனி டப்பாவில் போட்டு வையுங்கள். கஞ்சியாகக் கரைப்பதைவிட உருண்டையாகவோ கொழுக்கட்டையாகவோ கொடுத்தால் கெட்டியாகப் போகும். உயரம் கூட்டும் என்று விளம்பரம் வரும் டப்பா மாவுகளுக்கு மாதாமாதம் செலவழிக்கும் பணத்தில் முட்டையும் நிலக்கடலையும் வாங்கலாம்.

கிராம சுகாதார செவிலியரிடம் இரும்புச்சத்து சிரப் கேளுங்கள்: ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை வாரம் இருமுறை ஒரு மில்லி. ஒன்பதாம் மாதத்தில் வைட்டமின் ஏ, ஒரு வயதுக்கு மேல் பூச்சி மருந்து. எல்லாம் இலவசம்.

ஆறாவது படி: தனித் தட்டு, எதிரில் முகம்

அம்மா தட்டிலிருந்தோ அண்ணன் தட்டிலிருந்தோ சாப்பிடும் குழந்தை எவ்வளவு சாப்பிட்டது என்று யாருக்கும் தெரியாது. அண்ணன் வேகமாகச் சாப்பிடுவான். சின்னது இரண்டு வாயில் வேடிக்கை பார்க்கப் போய்விடும். தனிக் கிண்ணம் வைத்தால் மீதி கண்ணுக்குத் தெரியும்.

போனைக் காட்டி ஊட்டினால் கிண்ணம் காலியாகும், ஆனால் குழந்தைக்குத் தன் பசி தெரியாமல் போகும். மூக்கைப் பிடித்தும் காலால் அழுத்தியும் ஊட்டினால் சாப்பாட்டைக் கண்டாலே அழும். எதிரே உட்கார்ந்து, பேசிக்கொண்டே, ஒரு வாய் நீங்கள், ஒரு வாய் அதன் கையால் என்று கொடுங்கள். கீழே சிந்தும், சிந்தட்டும். இருபது முப்பது நிமிடத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். வேண்டாம் என்று தலையைத் திருப்பினால் கொஞ்சம் பொறுத்து மறுபடி காட்டுங்கள். அப்புறமும் வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள். புது உணவைப் பத்து தடவை கொடுத்த பிறகுகூடப் பிடித்துப்போகும்.

ஊட்டுகிறவர் கையையும் குழந்தையின் கையையும் சோப்புப் போட்டுக் கழுவ மறக்க வேண்டாம்.

ஏழாவது படி: காய்ச்சலும் பேதியும் வந்த நாட்கள்

உயரம் நின்றுபோவது பல குழந்தைகளுக்கு இந்த நாட்களில்தான். பேதி என்றால் நம் வீடுகளில் முதலில் சாப்பாட்டைத்தான் நிறுத்துகிறோம். மூன்று நாள் அரிசிக் கஞ்சி, அப்புறம் நான்கு நாள் ரசம் சோறு, அதற்குள் சளி. இப்படி வருடத்தில் ஏழெட்டுத் தடவை நடந்தால் வளர வேண்டிய மாதங்கள் இரண்டு மூன்று காணாமல் போய்விடும்.

பேதியின்போது தாய்ப்பாலும் சாப்பாடும் நிற்கக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். தயிர்சோறு, பருப்புச் சோறு, வாழைப்பழம், இட்லி எல்லாம் கொடுக்கலாம். ஒவ்வொரு தடவை போன பிறகும் ஓ.ஆர்.எஸ். கரைசல். ஜிங்க் மாத்திரை 14 நாள்: ஆறு மாதத்துக்கு மேல் நாளுக்கு 20 மில்லிகிராம், அதற்குக் கீழே 10. பேதி மூன்றாம் நாளே நின்றுவிட்டாலும் பதினான்கு நாளும் கொடுத்து முடியுங்கள்.

குணமானதும் குழந்தைக்குப் பசி நன்றாக எடுக்கும். அந்த இரண்டு வாரமும் தினம் ஒரு வேளை கூடுதலாகச் சாப்பாடு கொடுங்கள். இழந்ததை மீட்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. இதைப் பெரும்பாலான வீடுகளில் யாரும் சொல்லித்தருவதில்லை.

சாப்பாட்டால் மட்டும் எவ்வளவு ஆகும்?

இதை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வே ஆகிய நாடுகளில் 2018-19 வாக்கில் முடிவு வந்த பெரிய ஆய்வுகளில், ஊட்டும் முறையைச் சொல்லிக்கொடுத்து, சின்ன அளவில் கூடுதல் ஊட்டச்சத்தும் கொடுத்தபோது உயரம் கூடியது, ஆனால் கொஞ்சம்தான். கழிப்பறையும் கைகழுவும் வசதியும் மட்டும் செய்துகொடுத்ததில் உயரம் கூடவில்லை. குன்றிய வளர்ச்சி கருவிலேயே தொடங்கியிருக்கலாம். அம்மா ரத்தசோகையோடு இருந்திருக்கலாம், சின்ன வயதில் திருமணமாகியிருக்கலாம், குழந்தை எடை குறைவாகப் பிறந்திருக்கலாம், இரண்டு குழந்தைக்கு நடுவே இடைவெளி இல்லாமல் இருந்திருக்கலாம்.

அதனால் எல்லாம் சரியாகச் செய்தும் பிள்ளை கீழ்க்கோட்டிலேயே நின்றால் அம்மாவைக் குற்றம் சொல்வது அநியாயம். சோற்றுக் கிண்ணம் இன்றைக்கே மாற்றக்கூடியது என்பதால்தான் அதில் தொடங்குகிறோம்.

எட்டாவது படி: மறுபடி அளந்து பாருங்கள்

1980இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், ஆறு மாதம் முதல் மூன்று வயதுவரை உள்ள பிள்ளைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். எடை ஏறாமல் நின்ற பிள்ளைக்கு மட்டும் 90 நாள் கூடுதல் உணவு கொடுத்து, அம்மாவுக்கு ஊட்டும் முறையைச் சொல்லிக்கொடுத்து, மறுபடி எடை பார்த்தார்கள். கடுமையான எடைக்குறைவு அந்தப் பகுதிகளில் கணிசமாகக் குறைந்தது. வீட்டிலும் அதே முறையைப் பின்பற்றலாம். இன்று அளந்ததைத் தேதியோடு எழுதி, மேலே சொன்னவற்றில் உங்கள் வீட்டில் எது தவறுகிறதோ அதை மட்டும் மாற்றுங்கள். எட்டையும் ஒரே நாளில் மாற்றப் போனால் எதுவும் நிற்காது. எடையை மாதம் ஒருமுறை பாருங்கள், நீளத்தை மூன்று மாதம் கழித்து.

சில குழந்தைகளுக்கு மூன்று மாதம் காத்திருக்கக் கூடாது. தொடர்ந்து இரண்டு மாதம் எடை ஏறவில்லை, மேற்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே (அளவு நாடாவில் சிவப்புப் பகுதி), இரண்டு பாதமும் வீங்கியிருக்கிறது, இரண்டு வாரத்துக்கு மேல் பேதி, நன்றாகச் சாப்பிட்டும் நீளம் துளியும் கூடவில்லை, நடை பேச்சு பின்தங்குகிறது: இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே குழந்தை மருத்துவரிடம் போங்கள். தைராய்டு, சிறுநீரகம், குடல் சார்ந்த கோளாறுகள் பின்னால் இருக்கலாம். கடுமையான ஊட்டச்சத்துக் குறைவுக்கு அரசு மருத்துவமனைகளில் தனி மறுவாழ்வு மையங்கள் உண்டு. 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தின் கீழ் அங்கன்வாடி வழியாகவும் சிறப்பு உணவு கிடைக்கும். போகும்போது அளவு எழுதிய தாளையும் ஒரு நாள் சாப்பாட்டை எழுதிய தாளையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் கேட்கப்போவது அந்த இரண்டையும்தான்.